‘அண்ட்’, ‘பட்’, ‘சோ’... வேலைக்கு அனுப்பும் மெயிலில் எங்கே சொதப்புகிறோம்?

ராத்திரி பதினொரு மணிக்கு ஹெச்.ஆர் கிட்ட இருந்து ஒரு மெயில் வருது. ‘டிகிரி முடிச்சதுக்கும் இப்போதைக்கும் நடுவுல ஒரு வருஷம் கேப் இருக்கே, என்ன பண்ணீங்க?’ என்று ஒரே ஒரு கேள்வி. தமிழில் பதில் ரெடியாகவே இருக்கும். ‘அப்பாவுக்கு உடம்பு சரியில்ல, அதனால வீட்டுலயே இருந்தேன், ஆனா ஆன்லைன்ல ஒரு கோர்ஸ் முடிச்சிட்டேன்.’ இதையே ஆங்கிலத்தில் டைப் பண்ண உட்காரும்போதுதான் விரல் நிற்கும். கடைசியில் பலரும் அனுப்புவது இப்படித்தான் இருக்கும்:

“மை ஃபாதர் வாஸ் இல், ஐ ஸ்டேட் அட் ஹோம், ஃபினிஷ்டு அன் ஆன்லைன் கோர்ஸ்.”

வார்த்தைகள் எல்லாம் சரி. ஸ்பெல்லிங்கும் சரி. ஆனால், ‘அதனால’வும் இல்லை, ‘ஆனா’வும் இல்லை. எது காரணம், எது விளைவு, எதைப் பெருமையாகச் சொல்ல வந்தீர்கள் என்பதெல்லாம் படிப்பவரின் யூகத்துக்கு விடப்பட்டுவிட்டது. வாக்கியங்களை இணைக்கிற இந்த வேலைக்குத்தான் ஆங்கிலத்தில் ‘காம்பவுண்ட் சென்டென்ஸ்’. தமிழ்ல தொடர் வாக்கியம். பத்தாம் வகுப்பில் மார்க்குக்காக மனப்பாடம் பண்ணி, பரீட்சை முடிந்ததும் மறந்த அதே சமாசாரம்தான்!

முதல்ல, இது என்ன?

தனியாக நிறுத்தினாலும் முழு அர்த்தம் தரக்கூடிய இரண்டு வாக்கியங்களை, ஓர் இணைப்புச் சொல் போட்டு ஒன்றாக்கினால் அது காம்பவுண்ட் சென்டென்ஸ். அந்தத் தனித்தனித் துண்டுகளுக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருக்கிறது. அதைத் தமிழில் எழுதினால் வகுப்பறை ‘கிளாஸ்’ மாதிரியே தெரிகிறது என்பதால், இந்தக் கட்டுரையில் ‘துண்டு’ என்றே வைத்துக்கொள்வோம்.

“ஐ கால்டு ஹிம்.” இது ஒரு துண்டு. “ஹி டிட் நாட் பிக் அப்.” இது இன்னொரு துண்டு. நடுவில் ‘பட்’ போட்டால், “ஐ கால்டு ஹிம், பட் ஹி டிட் நாட் பிக் அப்.” அவ்வளவுதான்.

இணைப்புச் சொற்கள் மொத்தம் ஏழு. ஃபார், அண்ட், நார், பட், ஆர், யெட், சோ. இவற்றின் ஆங்கில முதல் எழுத்துகளைச் சேர்த்தால் ‘ஃபேன்பாய்ஸ்’ என்று வரும். ஞாபகம் வைத்துக்கொள்ள வாத்தியார்கள் சொல்லித்தரும் டெக்னிக் இது. நடைமுறையில் அண்ட், பட், ஆர், சோ என்ற நான்கை வைத்தே காலம் தள்ளிவிடலாம்.

தமிழ் மூளைக்கு ஏன் இது இடிக்குது?

‘நமக்கு இங்கிலீஷ் வராது’ என்று ஒரே வரியில் முடித்துக்கொள்கிறோம். ஆனால், இந்தத் தடுமாற்றத்துக்கு ஒரு நியாயமான காரணம் இருக்கிறது. இரண்டு மொழிகளும் வாக்கியத்தைக் கோக்கும் விதமே வேற வேற.

‘நேத்து பேங்க்குக்குப் போய், ஃபார்ம் வாங்கி, ஃபில் பண்ணி, கொடுத்துட்டு வந்தேன்.’ எத்தனை வேலை நடந்திருக்கிறது பாருங்கள்! ஆனால், முழுசாக முடிகிற வினை ஒன்றே ஒன்றுதான்: ‘வந்தேன்’. மற்றவையெல்லாம் வினையெச்சம். தமிழ் இலக்கண வகுப்பில் படித்த வினைமுற்று, வினையெச்சம் நினைவிருக்கிறதா? தமிழ் வாக்கியம் எச்சங்களை ரயில் பெட்டி மாதிரி கோத்துக்கொண்டே போய், கடைசியில் ஒரு முற்றில் நிற்கும்.

ஆங்கில காம்பவுண்ட் சென்டென்ஸில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு எழுவாய், ஒரு வினைமுற்று கட்டாயம் வேண்டும். ரெண்டு துண்டு என்றால் ரெண்டு எழுவாய், ரெண்டு முற்று. தமிழில் ‘வந்தேன்’ என்று சொன்னாலே ‘நான்’ உள்ளே இருக்கிறது. ஆங்கில ‘கேம்’ அப்படி இல்லை. நானா, அவனா, அவர்களா என்று அது காட்டிக்கொடுக்காது. அதனால்தான் “யெஸ்டர்டே கேம், பட் யூ வேர் நாட் தேர்” என்று எழுதும்போது யார் வந்தார் என்றே தெரியாமல் போகிறது. “ஐ கேம் யெஸ்டர்டே, பட் யூ வேர் நாட் தேர்” என்று ‘ஐ’யைச் சேர்த்தால் பிரச்னை முடிந்தது.

இன்னொரு சுவாரஸ்யம். இரண்டு முழு வாக்கியங்களைச் சேர்க்கும் ‘அண்ட்’டுக்கு இயல்பான தமிழில் நேரடிச் சொல்லே கிடையாது! ‘மற்றும்’ இருக்கிறதே என்பீர்கள். ‘மழை பெய்தது மற்றும் ஸ்கூலுக்கு லீவு விட்டார்கள்’ என்று எந்தப் பாட்டியாவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா? ‘மழை பேஞ்சுது, லீவு விட்டுட்டாங்க’ என்றுதான் சொல்வோம். ஒரு சின்ன இடைவெளிதான் இணைப்பு. அதே பழக்கத்தில் ஆங்கிலத்திலும் காமா மட்டும் வைத்துவிட்டுப் போகிறோம். மேலே பார்த்த மெயிலில் நடந்தது அதுதான்.

இரண்டு முழு துண்டுகளை வெறும் காமாவால் ஒட்டுவதை ஆங்கிலத்தில் ‘காமா ஸ்ப்ளைஸ்’ என்பார்கள். ‘பெரிய எழுத்தாளர்களே அப்படி எழுதுறாங்களே’ என்று கேட்கலாம். உண்மைதான். சார்லஸ் டிக்கன்ஸ் 1859-ல் வெளியிட்ட ‘எ டேல் ஆஃப் டூ சிட்டீஸ்’ நாவலின் புகழ்பெற்ற முதல் வாக்கியமே துண்டுகளை வெறும் காமாவால் கோத்துக்கொண்டு போவதுதான். அவர் செய்தால் ஸ்டைல். வேலை கேட்டு நாம் செய்தால் தப்பு. அநியாயம்தான், ஆனால் நிலவரம் அது.

அந்த மெயிலை இப்படி மாற்றலாம்: “மை ஃபாதர் வாஸ் இல், சோ ஐ ஸ்டேட் அட் ஹோம் ஃபார் எ இயர். ஐ டிட் நாட் ஹேவ் எ ஜாப், பட் ஐ ஃபினிஷ்டு அன் ஆன்லைன் கோர்ஸ்.” இரண்டே இரண்டு காம்பவுண்ட் சென்டென்ஸ். காரணமும் தெரிகிறது, சாதனையும் தெரிகிறது.

கட்டைவிரல் டெஸ்ட்

காமா எப்போது போட வேண்டும் என்பதில் எல்லோருக்கும் குழப்பம். இந்த இரண்டையும் பாருங்கள்.

“ஐ வென்ட் டு தி பேங்க், அண்ட் ஐ கேவ் தி ஃபார்ம்.”
“ஐ வென்ட் டு தி பேங்க் அண்ட் கேவ் தி ஃபார்ம்.”

அர்த்தம் ஒன்றுதான். ஆனால் முதலாவதுதான் காம்பவுண்ட். இரண்டாவதில் ‘அண்ட்’டுக்குப் பிறகு எழுவாய் இல்லை. அதனால் அது சிம்பிள் சென்டென்ஸ். அதில் காமா தேவையில்லை.

போன் ஸ்கிரீனில் ‘அண்ட்’ வரைக்கும் கட்டைவிரலால் மறையுங்கள். மிச்சம் இருப்பது தனியாக நிற்குதா? “ஐ கேவ் தி ஃபார்ம்” நிற்கும், ஆகவே காமா. “கேவ் தி ஃபார்ம்” நிற்காது, ஆகவே காமா வேண்டாம். துண்டுகள் ரொம்பச் சின்னதாக இருந்தால் காமாவை விட்டுவிடுபவர்களும் உண்டு. குறிப்பாக பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் இதில் கொஞ்சம் தாராளம்தான்.

இணைப்புச் சொல்லும் காமாவும் எவ்வளவு விலை போகும் என்பதற்கு அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஒரு வழக்கு இருக்கிறது. அது காம்பவுண்ட் சென்டென்ஸ் இல்லை, ஒரு பட்டியல். ஆனால் சிக்கல் அதே ‘ஆர்’தான். எந்தெந்த வேலைகளுக்கு ஓவர்டைம் கிடையாது என்ற சட்டப் பட்டியலின் கடைசியில் “பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிப்யூஷன்” என்று இருந்தது. ‘ஆர்’ரின் முன்னால் காமா இல்லை. ஓக்ஹர்ஸ்ட் என்ற பால் நிறுவனத்தின் டிரைவர்கள், ‘இது பேக்கிங் என்ற ஒரே வேலையைத்தான் சொல்லுது. நாங்க பேக் பண்றதில்ல, டெலிவரி பண்றோம். எங்களுக்கு ஓவர்டைம் உண்டு’ என்றார்கள். நிறுவனமோ, பேக்கிங் ஒரு வேலை, டிஸ்ட்ரிப்யூஷன் இன்னொரு வேலை என்றது. 2017-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் டிரைவர்கள் பக்கம் தீர்ப்பு சொன்னது. 2018-ல் 50 லட்சம் டாலருக்கு சமரசம் ஆனது. ‘ஆர்’ எதையும் எதையும் கோக்குது என்பதுதான் மொத்த சண்டையும்!

‘பட்’டுக்குப் பின்னால் என்ன வைக்கிறீங்க?

எனக்குத் தனிப்பட்ட முறையில் ரொம்பப் பிடித்த விஷயம் இதுதான். எந்த கிராமர் ஆப்பும் இதுக்கு சிவப்புக் கோடு போடாது.

“ஐ ஹேவ் டன் டூ ப்ராஜெக்ட்ஸ், பட் மை மார்க்ஸ் ஆர் லோ.”
“மை மார்க்ஸ் ஆர் லோ, பட் ஐ ஹேவ் டன் டூ ப்ராஜெக்ட்ஸ்.”

ரெண்டுமே உண்மை. ரெண்டுமே இலக்கணப்படி சரி. முதலாவதைப் படித்து முடிக்கும்போது மனசில் நிற்பது குறைந்த மார்க். இரண்டாவதில் நிற்பது ப்ராஜெக்ட். ‘பட்’டுக்குப் பின்னால் வருவதற்குத்தான் வெயிட் அதிகம். தமிழிலும் அப்படித்தானே? ‘பையன் நல்லவன், ஆனா கோவக்காரன்’ என்று தரகர் சொன்னால் வீட்டில் யோசிப்பார்கள். ‘கோவக்காரன், ஆனா நல்லவன்’ என்றால் காபி கொடுப்பார்கள். அரியர், கேரியர் கேப், ஸ்டாமர் எதுவாக இருந்தாலும் மறைக்க வேண்டாம். ‘பட்’டுக்கு முன்னால் வையுங்கள்.

ஸ்கூல் டேபிள் செய்த நல்லதும் கெட்டதும்

தமிழ்நாடு ஸ்டேட் போர்டில் படித்தவர்களுக்கு அந்த டேபிள் மறக்காது. சிம்பிள் என்றால் ‘இன் ஸ்பைட் ஆஃப்’, காம்ப்ளெக்ஸ் என்றால் ‘தோ’, காம்பவுண்ட் என்றால் ‘பட்’.

“இன் ஸ்பைட் ஆஃப் ஹிஸ் இல்னஸ், ஹி அட்டெண்டெட் தி மீட்டிங்.”
“தோ ஹி வாஸ் இல், ஹி அட்டெண்டெட் தி மீட்டிங்.”
“ஹி வாஸ் இல், பட் ஹி அட்டெண்டெட் தி மீட்டிங்.”

நல்ல டேபிள். ஒரே விஷயத்தை மூன்று வடிவத்தில் சொல்லப் பழக்குகிறது. ஆனால் மூன்றையும் சேர்த்தே மனப்பாடம் செய்ததில் சிலருக்கு ஒன்றோடு ஒன்று கலந்துவிட்டது. “தோ ஹி வாஸ் இல், பட் ஹி அட்டெண்டெட்...” என்று எழுதிவிடுவார்கள். இது ஏன் தப்பு என்று புரிய தமிழே போதும். ‘மழை பெய்தாலும், ஆனால் போனேன்’ என்று சொல்லிப் பாருங்கள். உறுத்துதுல்ல? ‘பெய்தாலும்’ என்பதிலேயே ‘ஆனால்’ அடங்கிவிட்டது. ‘தோ’ வந்தால் ‘பட்’ வேண்டாம். அதே மாதிரி ‘பிகாஸ்’ போட்டு ஆரம்பித்தால் நடுவில் ‘சோ’ வேண்டாம்.

‘தோ’வுக்கும் ‘பட்’டுக்கும் என்ன வித்தியாசம் என்றால், “தோ ஹி வாஸ் இல்” என்பதைத் தனியே நிறுத்தினால் அந்தரத்தில் தொங்கும். இன்னொரு துண்டைச் சார்ந்துதான் நிற்கும். அதனால் அது காம்ப்ளெக்ஸ், தமிழில் கலவை வாக்கியம். காம்பவுண்டில் இரண்டு பேரும் சம அந்தஸ்துக்காரர்கள்.

‘ஹவெவர்’ ஒரு ஏமாற்றுக்காரர்

கொஞ்சம் கெத்தாக எழுத நினைக்கும்போது ‘பட்’டை எடுத்துவிட்டு ‘ஹவெவர்’ போடுவோம். “ஐ அட்டெண்டெட் தி இன்டர்வியூ, ஹவெவர் ஐ டிட் நாட் கெட் எ ரிப்ளை.” இதிலும் காமா ஸ்ப்ளைஸ்தான். ஹவெவர், தேர்ஃபோர், அதர்வைஸ் எல்லாம் இணைப்புச் சொற்கள் மாதிரி தோன்றும், ஆனால் அந்த ஏழு பேர் பட்டியலில் இல்லை. இவற்றுக்கு முன்னால் ஃபுல் ஸ்டாப் வேண்டும், அல்லது செமிகோலன் வேண்டும். பின்னால் ஒரு காமா.

புள்ளியும் அதன் கீழே காமாவும் இருக்குமே, அதுதான் செமிகோலன். 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெனிஸ் நகரத்தில் ஆல்டஸ் மனுஷியஸ் என்பவரின் அச்சகத்தில் பிறந்தது. இணைப்புச் சொல்லே இல்லாமல் இரண்டு முழு துண்டுகளைச் சேர்க்க உதவுவது இதன் ஸ்பெஷல். பயமாக இருந்தால் தவிர்த்துவிடுங்கள். ஃபுல் ஸ்டாப் வைத்ததற்காக யாரும் வேலை கொடுக்காமல் இருக்கப் போவதில்லை.

‘ஃபார்’ என்பதை ‘ஏனெனில்’ என்ற அர்த்தத்தில் இன்று கதை, கவிதைக்கு வெளியே அதிகம் பார்க்க முடியாது. ‘நார்’ வந்தால் மட்டும் கவனம். அதற்குப் பின்னால் கேள்வி வாக்கியம் மாதிரி வரிசை புரளும்: “ஹி டிட் நாட் கால், நார் டிட் ஹி மெசேஜ்.”

பேசும்போது காமா கண்ணுக்குத் தெரியாது, அதனால் இன்டர்வியூவில் வேறு ஒரு ஆபத்து. ‘அப்புறம்... அப்புறம்...’ என்று கதை சொல்லும் நம் பழக்கம் ‘அண்ட்... அண்ட்... அண்ட்’ ஆகிவிடும். ஸ்கூல் முடித்து காலேஜ் சேர்ந்து ப்ராஜெக்ட் பண்ணி இன்டர்ன்ஷிப் போனது வரை ஒரே மூச்சில் ஓடும். மூன்றாவது ‘அண்ட்’ நாக்கில் வரும்போதே ஒரு ஃபுல் ஸ்டாப் வைத்து, மூச்சு விட்டு, புது வாக்கியம் தொடங்குங்கள். எதிரில் இருப்பவருக்கும் அடுத்த கேள்வி கேட்க ஒரு இடைவெளி வேணும்ல!