சிங்கம் பொய் சொல்லாது!

ராத்திரி ஒன்பதரை மணிக்குக் காலிங்பெல் அடித்தது. என் பால்ய நண்பன். ஆம்ஸ்டர்டாமில் ஆறு மாசம் ஆபீஸ் வேலையாக இருந்துவிட்டு, முதல் நாள்தான் சென்னையில் இறங்கியிருந்தான். கையில் ஒரு சின்ன வெல்வெட் டப்பா.

'டேய், அங்கே பழைய சாமான் சந்தையில வாங்கினேன்டா. வெள்ளி ஸ்பூன். வருஷம் 1742! நானூத்தைம்பது யூரோ. என் பொண்ணு பிறந்ததுக்கு. வீட்டுல இன்னும் விலை சொல்லலை. நீதான் இந்த முத்திரைப் பைத்தியமாச்சே, பாரு!'

ஹாலந்துக்காரர்களிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. குழந்தை பிறந்தால், பெயரும் தேதியும் பொறித்த வெள்ளி ஸ்பூனைப் பரிசாகக் கொடுப்பார்கள். இதிலும் ஏதோ ஒரு டச்சுப் பாப்பாவின் பெயர், கீழே அழகாக 1742.

நான் பி.காம். பில்லில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, கையெழுத்துப் போட்டது யார் என்று பார்க்கிற புத்தி. ஸ்பூனைத் திருப்பிப் போட்டு லென்ஸை எடுத்தேன்.

பழைய டச்சு வெள்ளி என்பது நன்றாக எழுதிய வவுச்சர் மாதிரி. செய்தது யார், எந்த ஊர், எந்த வருஷம், தரம் என்ன? நாலுக்கும் தனித்தனி முத்திரை. அந்தக் காலத்தில் பொற்கொல்லர் சங்கங்கள்தான் ராஜா. சங்கத்தின் சோதனை அதிகாரி வெள்ளியைச் சோதித்த பிறகுதான் ஊர் முத்திரை விழும். ஆம்ஸ்டர்டாம் என்றால், கிரீடம் வைத்த கேடயத்தில் ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று பெருக்கல் குறி. தி ஹேக் என்றால் நாரை. லெய்டன் என்றால் குறுக்கே வைத்த இரண்டு சாவிகள். வருஷத்துக்கு ஓர் எழுத்து. 1663 முதல் ஹாலந்து மாகாணத்தில் உயர்தர வெள்ளிக்குக் கிரீடம் சூடிய சிங்கம் வேறு.

1798-ல் சங்கங்களுக்கு மூடுவிழா. நடுவில் நெப்போலியன் குடும்பத்துக் குழப்பமெல்லாம் முடிந்து, 1814 முதல் அரசாங்கமே புது முத்திரைகளைக் கொண்டுவந்தது. நம்ம தங்கத்துக்கு 916 மாதிரி, அப்போது அங்கே வெள்ளிக்கு இரண்டு நம்பர். பின்னங்காலில் எழுந்து நிற்கும் சிங்கமும் 1-ம் இருந்தால், ஆயிரத்துக்கு 934 பங்கு வெள்ளி. நடந்து போகும் சிங்கமும் 2-ம் இருந்தால் 833 பங்கு. கூடவே தலைக்கவசம் போட்ட மினர்வா தேவதையின் தலை. கவசத்தில் இருக்கும் எழுத்து, எந்த ஊர் அலுவலகம் சோதித்தது என்று சொல்லும். குட்டிச் சாமான்களில் இத்தனைக்கும் இடம் ஏது? அவற்றுக்குக் குட்டியாக ஒரு வாள்.

லென்ஸில் பார்த்தேன். சிங்கம் சாவகாசமாக நடந்துகொண்டிருந்தது. பக்கத்தில் 2. அதை அடுத்து மினர்வா.

'என்னடா, பேச மாட்டேங்கறே?'

'ஸ்பூன் அசல் வெள்ளி. முத்திரையும் அசல். தேதிதான் டூப். 1814-க்கு முன்னாடி இந்த முத்திரையே கிடையாது. அப்புறம் 1742-ல எப்படி விழும்?'

அவன் முகம் பட்ஜெட் தினத்து மாதச் சம்பளக்காரன் முகம் மாதிரி ஆகிவிட்டது.

இதில்தான் ஐயா சூட்சுமம். பெயரையும் வருஷத்தையும் யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும் பொறிக்கலாம். பழசைப் பார்த்துப் புதுசு செய்பவர்கள் பழைய தேதியையும் சேர்த்தே பொறித்திருக்கலாம். முத்திரை மட்டும் சோதனைக்கு வந்த நாளைக் காட்டிக் கொடுத்துவிடும்.

'அப்போ முத்திரை இருந்தா நம்பிடலாமா?' என்று கேட்டால், அங்கேயும் கில்லாடிகள் உண்டு. 19-ம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மனியின் ஹனாவ் நகரப் பட்டறைகள், பழைய டச்சு, பிரெஞ்சு முத்திரைகளைப் போலவே தோன்றும் கற்பனை முத்திரைகளைக் குத்திச் சாமான்களை ஏற்றுமதி செய்தன. எந்தப் பட்டியலிலும் சிக்காத முத்திரை ஆளை ஆளுக்கு அசத்துகிறதென்றால், உஷார்!

இன்னும் மூன்று சோதனைகள், பைசா செலவில்லை.

ஒன்று: ஆறு ஸ்பூன் செட் என்றால் வரிசையாக வையுங்கள். கையால் குத்திய முத்திரை ஒவ்வொன்றிலும் ஒரு நூலாவது நகர்ந்திருக்கும். ஆறிலும் அச்சுப் பிசகாமல் ஒரே இடம், ஒரே சாய்வு, ஒரே கீறல் என்றால், ஒரு அசல் ஸ்பூனை வைத்து அச்சு எடுத்து வார்த்த நகல்கள்.

இரண்டு: உளியால் குத்திய முத்திரையின் ஓரம் கூர்மையாக இருக்கும். வார்த்ததில் ஓரம் மழுங்கி, நடுவே ஊசிமுனைக் குழிகள் தெரியும்.

மூன்று: பெரிய பாத்திரமானால், முத்திரையைச் சுற்றி வாயால் ஊதுங்கள். ஆவி படியும்போது மெல்லிய வட்டமாகவோ சதுரமாகவோ ஒரு கோடு தெரிந்தால், சின்ன அசல் சாமானிலிருந்து முத்திரையை மட்டும் வெட்டி எடுத்து இதில் பற்றவைத்திருக்கிறார்கள்.

நிஜமாகவே பெரிய தொகை போடுகிறவர்கள் புத்தகத்தைப் பார்க்காமல் பர்ஸைத் திறப்பதில்லை. எலியாஸ் வோட் என்பவர் ஆம்ஸ்டர்டாம் பொற்கொல்லர்களின் முத்திரைகளைத் தொகுத்து 1912-லேயே புத்தகம் போட்டுவிட்டார்.

நண்பன் ஸ்பூனைச் சமையலறைத் தராசில் வைத்தான். அறுபது கிராம். அதில் சுத்த வெள்ளி சுமார் ஐம்பது. கணக்குப் போடப் போட அவன் மௌனம் கூடிக்கொண்டே போனது.

'திருப்பி அனுப்பிடலாமாடா?'

'பில் வாங்கினியா?'

இல்லை என்று தலையை ஆட்டினான். பில்லில் '1742' என்று எழுதி வாங்கியிருந்தால் சண்டை போட ஒரு பிடி இருந்திருக்கும். அடுத்த தடவை முதலில் லென்ஸ், அப்புறம் பில், கடைசியில்தான் காசு.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். குழந்தைக்குப் பருப்பு சாதம் ஊட்டிக்கொண்டிருந்தான். வெள்ளி ஸ்பூன்! பாப்பா சப்புக்கொட்டிச் சாப்பிட்டது.

'என்ன விலைன்னு கேட்டா வாயே திறக்க மாட்டேங்கறார், அண்ணா' என்றார் அவன் மனைவி.

நான் அவசரமாகக் காப்பியைக் குடித்தேன். முத்திரைதான் பொய் சொல்லாது. நண்பர்கள் அவ்வப்போது சொல்ல வேண்டியிருக்கிறது.