நண்பனுக்காக ஓடினால் நோய் தீருமா?

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகவே பேசலாம். நோயுற்ற நண்பருக்காகப் பத்துப் பேர் சேர்ந்து நடந்தார்கள், ஓடினார்கள், நிதி திரட்டினார்கள் என்று செய்தி வரும்போது பலருக்கும் எழுகிற கேள்விதான்: இதனால் அந்த நோயாளிக்கு என்ன கிடைக்கிறது? இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் நடந்ததைப் பார்த்தால் பதில் புரியும்.

ராப் பர்ரோ, லீட்ஸ் ரைனோஸ் அணியின் ரக்பி லீக் வீரர். உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம்தான். ஆஜானுபாகுவான ஆட்களுக்கு நடுவே புகுந்து புறப்பட்டு, எட்டு முறை சூப்பர் லீக் பட்டம் வென்றவர். 2019 டிசம்பரில், 37 வயதில், அவருக்கு மோட்டார் நியூரான் நோய் என்று தெரியவந்தது. இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு வந்ததும் இந்த வகை நோய்தான். ஆனால் ஹாக்கிங் நோயோடு அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்தது மிக அரிது. பெரும்பாலோருக்குக் கிடைப்பது சில ஆண்டுகளே.

சுவிட்ச் சரியாக இருக்கிறது, மின்விசிறியும் சரியாக இருக்கிறது, இடையில் வயர் அறுந்துபோனால் விசிறி ஓடுமா? இந்த நோயும் அப்படித்தான். மூளையின் கட்டளையைத் தசைக்குக் கொண்டுபோகும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. கை, கால், நாக்கு, தொண்டை, கடைசியில் மூச்சுத் தசை என்று வலுவிழந்துகொண்டே போகும். அறிவு பெரும்பாலும் மங்காது. கண் அசைவும் பெரும்பாலும் தப்பிவிடும். அதனால்தான் பேச்சை இழந்த பிறகும் பர்ரோ, கண் பார்வையால் எழுத்துகளைத் தேர்ந்தெடுக்கும் கணினி வழியாகப் பேசினார். பழைய பேட்டிகளின் பதிவுகளிலிருந்து உருவாக்கியதால் அதில் ஒலித்தது அவருடைய குரலே.

அணியின் முன்னாள் தலைவர் கெவின் சின்ஃபீல்ட், பர்ரோவின் நெடுநாள் நண்பர். பர்ரோவின் சட்டை எண் 7 என்பதால், 2020 டிசம்பரில் 7 நாளில் 7 மாரத்தான் ஓடினார். 77,777 பவுண்டு திரட்டுவது இலக்கு. சேர்ந்ததோ 20 லட்சம் பவுண்டுக்கு மேல். அடுத்த ஆண்டு லெஸ்டரிலிருந்து லீட்ஸ் வரை 101 மைல், ஏறக்குறைய ஒரு பகலும் ஒரு இரவும் ஓடினார்.

அந்தப் பணம் என்ன ஆனது? ஒரு பகுதி நோயாளிகளுக்கான தேசிய அமைப்புக்குப் போனது. இன்னொரு பகுதி, லீட்ஸ் சீக்ராஃப்ட் மருத்துவமனை வளாகத்தில் இந்த நோய்க்கென்றே ஒரு மையம் கட்டுவதற்குப் போனது. மருந்து கண்டுபிடிக்காமல் கட்டடம் எதற்கு என்று கேட்கலாம். இந்த நோயைத் தீர்க்கும் மருந்து இன்னும் இல்லை. 1990களில் வந்த ரிலுசோல் சில மாதங்களைக் கூட்டித் தருகிறது, அவ்வளவுதான். ஆகவே கவனிப்புதான் இங்கே சிகிச்சை.

நோயாளி ஒருவர், காலையில் எழுந்ததும் தலை வலிக்கிறது என்கிறார். மற்றவர்கள் வலி மாத்திரை தருவார்கள். இந்த நோயை அறிந்த செவிலியருக்கோ, இரவில் மூச்சுத் தசை சோர்ந்து ரத்தத்தில் கரியமில வாயு தேங்குகிறதோ என்ற சந்தேகம் உடனே வரும். முகக்கவசம் மாட்டும் சுவாசக் கருவியை அப்போதே தொடங்கினால் ஆயுளும் கூடும், தூக்கமும் வரும். விழுங்க முடியாதவருக்கு வயிற்றில் உணவுக்குழாய் வைக்க வேண்டும். மூச்சு மிகவும் பலவீனமாவதற்குள் அதைச் செய்துவிடுவது நல்லது. அதாவது நுரையீரலைச் சோதிப்பவர் சொல்வது உணவியல் நிபுணரின் காதில் உடனே விழ வேண்டும். இவர்கள் வெவ்வேறு கட்டடத்தில், வெவ்வேறு கிழமையில் இருந்தால், சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு அலைச்சலிலேயே காலம் கரைந்துவிடும். எல்லோரையும் ஒரே கூரையின்கீழ் உட்கார வைக்கத்தான் அந்த ஓட்டம் உதவியது.

இன்னொன்றும் உண்டு. சின்ஃபீல்ட் ஓடியது நண்பர் உயிரோடு இருந்தபோதே. 2023 மே மாதம், பர்ரோவின் பெயரிலேயே நடந்த லீட்ஸ் மாரத்தானில் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டே ஓடி, எல்லைக்கோட்டருகே தூக்கி, கைகளில் ஏந்திக் கடந்தார். ஊர் தன்னை மறக்கவில்லை என்பதை நோயாளி கண்ணால் பார்ப்பதற்கு ஈடாக எந்த நினைவஞ்சலியும் ஆகாது. 2024 ஜூன் 2 அன்று பர்ரோ 41 வயதில் காலமானார். குடும்பத்தாரின் விருப்பப்படி, மறுநாளே அந்த மையத்துக்கான முதல் மண் வெட்டப்பட்டது.

ஆகவே, உங்களுக்குத் தெரிந்தவருக்காக யாராவது நடக்க அழைத்தால் தயங்காமல் போங்கள். போகும்போது, திரளும் பணம் யாரை நியமிக்கும், எந்தக் கருவியை வாங்கும், எத்தனை நாளில் நோயாளியைச் சேரும் என்று கேளுங்கள். நோயைத் தீர்க்க நம் கால்களால் ஆகாது. நோயாளியின் அலைச்சலைக் குறைக்க நிச்சயம் ஆகும்.