தடித்து ஓத வேண்டிய எழுத்துகள்

'பிஸ்மில்லாஹ்' என்று சொல்லிப் பாருங்கள். அடுத்து 'அப்துல்லாஹ்' என்று சொல்லுங்கள். இரண்டிலும் இருப்பது ஒரே இறைப்பெயர். ஆனால் முறையாக ஓதியவர் சொன்னால் முதலாவதில் லாம் எழுத்து மெலிந்து வரும். இரண்டாவதில் தடித்து வாய் நிறைய வரும். முன்னால் இகர ஓசை இருந்தால் மெலிவு; அகரமோ உகரமோ இருந்தால் கனம். என்னிடம் ஓத வரும் பிள்ளைகளுக்கு தஃப்கீம் (தடித்து ஓதுதல்), தர்கீக் (மெலிந்து ஓதுதல்) பாடத்தை இதிலிருந்துதான் தொடங்குவேன். பாதி வேலையைப் பழகிய நாக்கே செய்துவிடும்.

லாமும் ராவும் இடத்தைப் பார்த்துத் தடிப்பவை. எந்த இடத்திலும் கனம் குறையாமல் நிற்பவை ஏழு எழுத்துகள். அவற்றில் ஐந்து ஃபாத்திஹா அத்தியாயத்திலேயே இருக்கின்றன: ஸாத், தா, காஃப், கைன், ளாத். ஐவேளைக் கடமைத் தொழுகையில் மட்டும் ஒரு நாளைக்கு 17 முறை அதை ஓதுகிறோம். அதனால்தான் இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

கனம் என்றதும் பிள்ளைகள் சத்தத்தைக் கூட்டுகிறார்கள். சிலர் உதட்டைக் குவிக்கிறார்கள். 'ஸிராத்' என்பது 'ஸிரோத்' ஆகிவிடுகிறது. உதட்டுக்கு இங்கே வேலையே இல்லை. நாக்கின் பின்பகுதி மேலண்ணத்தை நோக்கி எழ வேண்டும், அவ்வளவுதான். ஸாத், ளாத், தா, ளா நான்குக்கும் நாக்கு அண்ணத்தோடு இன்னும் நெருங்கும். அந்த நெருக்கம் போய்விட்டால் ஸாத் வெறும் ஸீனாகிவிடும் என்று 8ஆம் நூற்றாண்டு இலக்கண அறிஞர் ஸீபவைஹி எழுதி வைத்திருக்கிறார்.

பொருளும் மாறும். 95ஆம் அத்தியாயத்தின் முதல் வசனத்தில் வரும் 'தீன்' அத்திப்பழம். அதே சொல்லில் தகரத்தைத் தடித்துவிட்டால் களிமண். 'கல்ப்' என்பதில் ககரம் கனத்தால் இதயம், மெலிந்தால் நாய். இதைத் தமிழில் எழுதிக் காட்ட எனக்கு வழியில்லை. இரண்டுக்கும் நம்மிடம் ஒரே எழுத்துதான். தமிழ் எழுத்தில் அச்சிட்ட யாஸீன் புத்தகங்களை வைத்து ஓதக் கற்பதை நான் எதிர்ப்பது இதனால்தான். நம் முன்னோர் அரபு எழுத்தில் தமிழை எழுதியபோது, தமிழுக்கே உரிய ஓசைகளுக்காகப் புள்ளியிட்டுப் புதிய எழுத்துகளைச் சேர்த்துக்கொண்டார்கள். நம் மொழியின் ஓசை சிதையக் கூடாது என்று அவ்வளவு கவலை அவர்களுக்கு. அந்தக் கவலையில் பாதியாவது குர்ஆனின் ஓசைக்கு வேண்டாமா?

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மொராக்கோவில் பரவலாக உள்ள வர்ஷ் ஓதலில், 'ஸலாத்' என்னும் சொல்லின் லாமும் தடிக்கும். நம் நாட்டில் ஓதும் ஹஃப்ஸ் முறையில் அது மெலிவு. இரண்டும் ஆசிரியர் வழி வந்த முறைகளே. அதைப் பிழை என்று யாரையும் திருத்தப் போகாதீர்கள்.

எகிப்தின் ஷெய்க் மஹ்மூத் கலீல் அல்ஹுஸரீ 1961இல் முழுக் குர்ஆனையும் ஓதிப் பதிவு செய்தார். நிதானமான ஓதல், எழுத்துக்கு எழுத்து கனமும் மெலிவும் காதில் விழும். அதைத் தினமும் கேளுங்கள். ஆனால் ஒலிநாடா உங்களைத் திருத்தாது. திக்கித் திணறி ஓதுபவருக்கு இரட்டை நன்மை என்று நபிமொழி இருக்கும்போது வயதை நினைத்துக் கூச வேண்டாம். முறையாக ஓதத் தெரிந்த ஒருவர் முன் உட்கார்ந்து, முதலில் ஃபாத்திஹாவை ஓதிக் காட்டுங்கள்.