பழைய வண்டியைத் தர்மத்திற்கு அளிக்குமுன்

அநாதை இல்லத்திற்கோ முதியோர் விடுதிக்கோ தம் பழைய ஜீப்பை மனமுவந்து அளிக்கும் விவசாயப் பெருமக்கள் நம்மிடையே உளர். சாவியைக் கொடுத்தவுடன் தர்மம் நிறைவேறிவிட்டதாக அவர்கள் எண்ணுகிறார்கள். சட்டம் அவ்வாறு எண்ணுவதில்லை.

பதிவுப் புத்தகத்தில் எவர் பெயர் உள்ளதோ அவரே வண்டியின் சொந்தக்காரர். அவ்வண்டி பின்னர் ஒருவர் மீது மோதி, அன்று இன்ஷூரன்ஸும் காலாவதியாகியிருந்தால், நஷ்டஈடு தானம் செய்தவர் தலையில் விழும். நிலத்தை விற்றுக் கட்டவும் நேரலாம். பல கை மாறிய வண்டியாயினும் பதிவில் உள்ளவரே பொறுப்பாளி என்று சுப்ரீம் கோர்ட் 2018-இல் தீர்ப்பளித்துள்ளது.

ஆகவே 29, 30 எண் படிவங்களில் இரு தரப்பாரும் கையொப்பமிட்டு, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெயர் மாற்றம் செய்தல் அவசியம். மாநிலத்திற்குள்ளேயாயின், கொடுத்தவர் 14 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். பெற்றவர் அதே கெடுவில் இன்ஷூரன்ஸ் மாற்றத்திற்கு விண்ணப்பிக்க வேண்டும். "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பாராயின், வண்டி உங்கள் கொட்டகையிலேயே நிற்கட்டும்!

சொந்த உபயோக வண்டிக்கு 15 ஆண்டுகளுக்குப் பின் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். டயர் மாற்றவும் வசதியற்ற இல்லத்திற்கு அத்தகைய வண்டி பாரமே. அதை விற்றுப் பணமாக அளிப்பது மேல். பழைய வரிமுறையில் உள்ளோருக்கு வருமான வரிக் கழிவும் அங்கீகாரம் பெற்ற ஸ்தாபனத்திற்குப் பணமாக அளித்தாலே கிட்டும். 2,000 ரூபாய்க்கு மேற்பட்டதைச் செக்காக அளித்து ரசீது பெறுக. விவசாய வருமானம் மட்டுமே உள்ளவருக்கு இக்கவலை இல்லை.