மெத்தனால் டிரம்மில் மண்டையோடு ஏன்?

பெயின்ட், பசை, மருந்து மூலப்பொருள், பயோடீசல் என்று பல தொழில்களில் மெத்தனால் புழங்குகிறது. முறையாக லேபிள் ஒட்டிய மெத்தனால் டிரம்மில் சிவப்பு விளிம்பு போட்ட மூன்று சாய்சதுரங்கள் இருக்கும். ஒன்றில் தீச்சுவாலை. அடுத்ததில் மண்டையோடும் குறுக்கே இரண்டு எலும்புகளும். மூன்றாவதில் ஒரு மனித உருவம். அதன் மார்பில் நட்சத்திரம்போல் சிதறிய வெள்ளைத் தடம். பக்கத்தில் ‘ஆபத்து’ என்ற ஒற்றைச் சொல். இந்த மூன்றில் தீச்சுவாலையை ஒரு சோதனைக்கூடக் கருவி அரை நாளில் தீர்மானித்துவிடும். மற்ற இரண்டையும் எந்தக் கருவியும் தரவில்லை, சோதனை எலியும் தரவில்லை. எலியை மட்டும் நம்பியிருந்தால் இந்த டிரம்மில் மண்டையோடே இடம்பெற்றிருக்காது. ரசாயனத்தின் ஆபத்தை வகைப்படுத்துவது என்றால் அட்டவணையில் எண்ணைத் தேடிப் பொருத்துவது என்று பலர் எண்ணுகிறார்கள். அந்தத் துறையிலேயே இருப்பவர்களில் சிலரும் அப்படித்தான் வேலை செய்கிறார்கள். உண்மையில் அது சாட்சியங்களை எடைபோட்டுத் தீர்ப்பு எழுதும் வேலை. அதற்கு மெத்தனாலைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

முதலில் அட்டவணை எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். ஒரே திரவம் ஒரு நாட்டில் நச்சு என்றும், எல்லை தாண்டினால் வெறும் ‘தீங்கானது’ என்றும் முத்திரை பெற்ற காலம் ஒன்று இருந்தது. இதைச் சீர்செய்ய வேண்டும் என்ற முடிவு 1992 ரியோ மாநாட்டில் எடுக்கப்பட்டு, ஐ.நா.வின் உலகளாவிய ஒத்திசைந்த வகைப்பாட்டு முறையாக 2003இல் முதல் பதிப்பு கண்டது. ஜி.எச்.எஸ். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அட்டையின் நிறத்தை வைத்து ஊதாப் புத்தகம் என்ற பெயரும் உண்டு. எரிதல், வெடித்தல், தானே சூடேறுதல், உலோகத்தை அரித்தல் முதலான பௌதிக ஆபத்துகளை இன்று அது பதினேழு இனங்களாகப் பிரிக்கிறது. உடல்நல ஆபத்துகளைப் பத்து இனங்களாக. சுற்றுச்சூழலுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. ஒவ்வோர் இனத்துக்குள்ளும் வகைகள் உண்டு. எண் சிறிதானால் ஆபத்து பெரிது. இந்த முறை அளப்பது பொருளின் இயல்பான தீங்கை மட்டுமே என்பதை மனதில் வைக்க வேண்டும். எவ்வளவு பேர், எவ்வளவு நேரம், எந்த அளவுக்கு அதற்கு ஆட்படுகிறார்கள் என்ற இடர்க் கணக்கு தனி. மூடிய தொட்டிக்குள் இருந்தாலும் மெத்தனாலின் வகை மாறாது.

பௌதிகப் பக்கம் எளிது. திரவத்தைச் சிறு கிண்ணத்தில் மூடி மெல்லச் சூடாக்கி, அவ்வப்போது சுடரைக் காட்டுவார்கள். எந்த வெப்பநிலையில் ஆவி ஒரு நொடி பற்றி மறைகிறதோ அதுவே ஃபிளாஷ் பாயின்ட். மெத்தனாலுக்கு அது ஏறத்தாழ 11 டிகிரி செல்சியஸ். 23 டிகிரிக்குக் கீழே ஃபிளாஷ் பாயின்ட் உள்ள திரவத்தின் கொதிநிலை 35 டிகிரியைத் தாண்டினால் இரண்டாம் வகை. தாண்டாவிட்டால் முதல் வகை. மெத்தனால் ஏறக்குறைய 65 டிகிரியில் கொதிக்கிறது. ஆக இரண்டாம் வகை. சென்னையின் மார்கழிக் குளிரிலும் வெப்பம் 11 டிகிரிக்கு இறங்குவதில்லை என்பதால், இங்கே திறந்து வைத்த மெத்தனால் டிரம்மின் வாயருகே ஆண்டு முழுவதும் பற்றக்கூடிய ஆவி இருக்கும். இதில் விவாதத்துக்கு இடமில்லை. ஆனால் இங்கும் வகை எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை. மெத்தனால் எரியும்போது புகையோ மஞ்சள் ஒளியோ வராது. வெளிர்நீலச் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. 1981 இண்டியானாபொலிஸ் 500 கார்ப் பந்தயத்தில் ரிக் மியர்ஸின் வண்டிக்கு எரிபொருள் நிரப்பும்போது மெத்தனால் சிந்திப் பற்றிக்கொண்டது. ஓட்டுநரும் உதவியாளர்களும் உடலைத் தட்டிக்கொண்டு துடிக்கிறார்கள். சுற்றி நின்றவர்களுக்கு எரிவது எதுவென்றே உடனே புரியவில்லை. ‘சுடர் தெரியாது’ என்பதற்கு அட்டவணையில் தனிக் கட்டம் கிடையாது. அது பாதுகாப்புத் தரவுத் தாளின் தீயணைப்புப் பகுதியில், ஒரு வாக்கியமாக, படிப்பவருக்காகக் காத்திருக்கிறது.

உடல்நலப் பக்கம் வந்தால்தான் வழக்கு சூடுபிடிக்கிறது. உடனடி நச்சுத்தன்மையை அளக்கும் பழைய அளவுகோல் எல்.டி.50. சோதனை விலங்குகளில் பாதியைக் கொல்லும் அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று சொல்லப்படும். பிரிட்டனைச் சேர்ந்த டிரெவான் 1927இல் இதை முன்வைத்தபோது, டிஜிட்டாலிஸ் போன்ற மருந்துகளின் வீரியத்தைத் தரப்படுத்துவதே நோக்கம். தொழிற்சாலை ரசாயனங்களுக்கு அது பிறகு வந்து சேர்ந்தது. ஜி.எச்.எஸ். அட்டவணையில் வாய்வழி எல்.டி.50 ஐந்து மில்லிகிராம் வரை இருந்தால் முதல் வகை. 50 வரை இரண்டாவது. 300 வரை மூன்றாவது. 2,000 வரை நான்காவது. 5,000 வரை ஐந்தாவது. மூன்று வகை வரைதான் மண்டையோடு. எலிக்கு மெத்தனாலின் வாய்வழி எல்.டி.50 ஏறத்தாழ 5,600 மில்லிகிராம். அதாவது கடைசிப் படிக்கும் வெளியே. தோல்வழி முயல் சோதனையும், மூச்சுவழி எலிச் சோதனையும் இதையேதான் சொல்கின்றன: வகைப்படுத்தத் தேவையில்லை. மூன்று வழிகளிலும் விலங்குகள் ஒரே குரலில் விடுதலை கொடுத்துவிட்டன.

மனித உடல் வேறு கதை சொல்லியது, அதையும் மிக முன்பே சொல்லியது. மரத்தைக் காய்ச்சி எடுத்த ஆல்கஹாலின் நாற்றத்தை நீக்கித் தெளிவான திரவமாக விற்கத் தொடங்கிய காலத்தில், அது அமெரிக்காவில் மருந்துச் சரக்குகளிலும் மலிவு மதுவிலும் புகுந்தது. 1904இல் ஃபிராங்க் புல்லர், கேசி வுட் என்ற இரு கண் மருத்துவர்கள் அதனால் ஏற்பட்ட மரணங்களையும் பார்வையிழப்புகளையும் தொகுத்து அமெரிக்க மருத்துவ சங்க இதழில் வெளியிட்டார்கள். அப்போதும், கலப்படமே கொல்கிறது, தூய மெத்தனால் பாவமற்றது என்ற வாதம் ஓயவில்லை; விலங்குகள் அந்த வாதத்துக்குத் துணை நின்றன. 1955இல் கில்கரும் பாட்ஸும் குரங்குகளை வைத்துச் செய்த ஆய்வில்தான் முடிச்சு அவிழ்ந்தது. மனிதர்களிடம் காணும் ரத்த அமிலப் பெருக்கமும் கண் பாதிப்பும் குரங்குக்கு வருகின்றன, எலிக்கு வருவதில்லை. காரணம் பின்னர் தெளிவானது. மெத்தனால் தானே பெரிய நஞ்சு அல்ல. கல்லீரல் அதை ஃபார்மால்டிஹைடாகவும், உடனே ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலத்தைக் கரியமில வாயுவாக்கி வெளியேற்ற ஃபோலேட் என்ற வைட்டமின் வேண்டும். எலியின் கல்லீரலில் அது தாராளம். வருவது வர வர வெளியேறிவிடுகிறது. மனிதக் கல்லீரலில் குறைவு. கழிவு வாய்க்கால் குறுகிய வீட்டில் தண்ணீர் முற்றத்தில் ஏறுவதுபோல் அமிலம் ரத்தத்தில் ஏறுகிறது. செல்களுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் கடைசி நொதியை அது முடக்குகிறது. ஆற்றலுக்கு ஓயாமல் ஏங்கும் பார்வை நரம்பு முதலில் அடி வாங்குகிறது. எலிக்கு உணவில் ஃபோலேட்டைக் குறைத்து ஆராய்ந்தபோது அதற்கும் மனிதருக்கு வரும் கேடு வந்தது. இந்த ஒரு சோதனையே, முந்தைய எலி எண்கள் பொய்யல்ல, கேள்விக்குப் பொருந்தாதவை என்பதைக் காட்டப் போதும்.

இந்த இடத்தில் ஜி.எச்.எஸ். விதி என்ன சொல்கிறது என்பது முக்கியம். நம்பத்தகுந்த மனித அனுபவம் இருந்தால் அதைக் கணக்கில் எடுத்தாக வேண்டும். சாட்சியங்கள் முரண்பட்டால் மொத்த எடையைப் பார்த்து நிபுணர் முடிவு செய்ய வேண்டும். உலக சுகாதார அமைப்பின் 1997ஆம் ஆண்டுத் தொகுப்பு, சிகிச்சை கிடைக்காத மனிதரைக் கொல்லக்கூடிய குறைந்தபட்ச மெத்தனால் அளவு கிலோவுக்கு 300 முதல் 1,000 மில்லிகிராம் என்கிறது. கீழ் எல்லையை எடுத்தால் மூன்றாம் வகை, மண்டையோடு. அறுபது கிலோ மனிதருக்கு அது 18 கிராம். கால் டம்ளருக்கும் குறைவு. கூடவே பார்வை நரம்பைத் தாக்குவதால், ஒரே தடவை உட்சென்றாலே குறிப்பிட்ட உறுப்பைக் கெடுக்கும் பொருள்களின் இனத்தில் முதல் வகையும் சேர்கிறது. மார்பில் நட்சத்திரம் உள்ள படம் அதற்கானது. ஐரோப்பிய ரசாயன முகமை தன் வழிகாட்டி நூலில் மெத்தனாலையே பாட உதாரணமாக வைத்து, இதற்கு எலி நல்ல மாதிரி அல்ல என்று எழுதிவைத்திருக்கிறது.

மறுப்புகள் இருக்கின்றன, அவை அற்பமானவையும் அல்ல. முதலாவது, மனிதச் சாட்சியம் அழுக்கானது என்பது. யார் எவ்வளவு குடித்தார், கூட எத்தனால் எவ்வளவு இருந்தது, எப்போது வாந்தி எடுத்தார் என்று எதுவும் அளந்து வைத்ததில்லை. எல்.டி.50 என்பது பாதி விலங்குகளைக் கொல்லும் அளவு. மனிதத் தரவில் கிடைப்பதோ கொல்லத் தொடங்கும் குறைந்த அளவு. இரண்டையும் ஒரே அட்டவணையில் வைப்பது புள்ளியியல்படி சரியில்லைதான். ஒப்புக்கொள்ளலாம். ஆனால் இங்கே கேள்வி மூன்றாம் வகையா நான்காம் வகையா என்ற நுணுக்கத்தைப் பற்றியது. எலி கொடுத்த விடையோ ‘வகையே வேண்டாம்’ என்பது. துல்லியமாக அளந்த தவறான விடையைவிட, தோராயமாக அளந்த சரியான விடையே தொழிலாளியின் உயிருக்குப் பயன்படும். அதோடு, உடலுக்குள் நடப்பது என்ன என்ற விளக்கமும் கையில் இருக்கிறது. மருத்துவமனைப் பதிவு, குரங்கு, ஃபோலேட் குறைந்த எலி, நொதியின் வேதியியல் என்று நான்கு திசையிலிருந்து வரும் சாட்சியம் ஒரே இடத்தில் கூடும்போது, தனித்தனியாக அவற்றிலுள்ள குறை பெரிதாகத் தெரியாது.

இப்படிச் செய்தால் பயந்தவர் பக்கமே எப்போதும் தீர்ப்பு போகாதா என்று அடுத்து கேட்கலாம். போகவில்லை. மெத்தனால் ஆவியை மூச்சில் எடுத்த கருவுற்ற சுண்டெலிகளின் குட்டிகளில் பிறவிக்குறைகள் காணப்பட்டன. அதை வைத்து மெத்தனாலை இனப்பெருக்க நச்சுப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று இத்தாலி முன்மொழிந்தது. ஐரோப்பிய முகமையின் இடர் மதிப்பீட்டுக் குழு 2014இல் அதை ஏற்கவில்லை. கொறித்துண்ணிகள் மெத்தனாலைக் கையாளும் வழியே வேறு, ஆகவே அந்த முடிவை மனிதருக்கு நீட்ட முடியாது என்பது அதன் நிலை. எலியின் சாட்சியம் ஓரிடத்தில் மெத்தனாலுக்குச் சாதகமாக இருந்தது, இன்னோரிடத்தில் பாதகமாக இருந்தது. இரண்டு இடத்திலும் ஒரே காரணத்துக்காக அது ஒதுக்கப்பட்டது. நேர்மையான வகைப்பாடு இப்படித்தான் இருக்க முடியும்.

மூன்றாவது மறுப்பு நமக்கு நெருக்கமானது. 2023 மே மாதம் மரக்காணம் பக்கமும் செங்கல்பட்டு பக்கமும் இருபதுக்கும் மேற்பட்டோர், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மெத்தனால் கலந்த சாராயத்தால் இறந்தார்கள். பிளாஸ்டிக் பாக்கெட்டில் வாங்கிக் குடித்தவர் எந்த டிரம்மில் எந்தப் படத்தைப் பார்த்தார்? இந்தக் கேள்விக்கு முன் லேபிளைப் பற்றிப் பேசுவது கூசத்தான் செய்கிறது. ஆனால் வகைப்பாடு கடைசிக் கைக்காக மட்டும் செய்யப்படுவதில்லை. யார் உரிமம் பெற வேண்டும், எங்கே எவ்வளவு சேமிக்கலாம், கணக்கு எப்படிக் காட்ட வேண்டும், கலவையில் எத்தனை சதவீதம் அனுமதி என்ற கட்டுப்பாடுகள் எல்லாம் ஒரு பொருளின் ஆபத்தை முறைப்படி ஒப்புக்கொள்வதிலிருந்தே பிறக்கின்றன. மூன்றாம் வகை என்று ஏற்றுக்கொண்டதும், கணக்கிடும் சூத்திரப்படி பத்து சதவீத மெத்தனால் உள்ள கலவைகூட நான்காம் வகை நச்சாகிவிடுகிறது. எலி எண்ணைப் போட்டால் நூறு சதவீதத்துக்கும் எதுவும் வராது. கார்க் கண்ணாடி கழுவும் திரவத்தைக் குடித்து மக்கள் சாகிறார்கள் என்று போலந்து எழுப்பிய கோரிக்கையின் பேரில், ஐரோப்பிய ஒன்றியம் அந்தத் திரவத்தில் மெத்தனாலை 0.6 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியது; 2019 மே மாதத்திலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் மெத்தில் ஆல்கஹாலுக்கென்று 1959ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. ஆக, இங்கே குறை அறிவில் இல்லை. ஆலையிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு லிட்டருக்கும் கணக்குக் கேட்பதில்தான் இருக்கிறது. வகைப்பாட்டின் மேல் அந்தப் பழியைப் போடக் கூடாது.

இந்தியாவில் போபாலுக்குப் பின் 1989இல் வந்த அபாயகர ரசாயன விதிகள் பெயர்ப்பட்டியலோடு விலங்குச் சோதனை எண்களையும் நச்சுக்கான அளவுகோலாக வைத்தன. பட்டியலில் பெயருள்ள பொருள் தப்பாது. பட்டியலில் இன்னும் ஏறாத புதிய கரைப்பானும் புதிய கலவையுமே கவலைக்குரியவை. அவற்றைப் பற்றி நம்மிடம் இருப்பது பெரும்பாலும் விற்பவர் தரும் பாதுகாப்புத் தரவுத் தாள் ஒன்றே. எம்.எஸ்.டி.எஸ். என்று பழக்கத்தில் சொல்லப்படும் அந்தத் தாளில் பதினாறு பகுதிகள் உண்டு. இரண்டாம் பகுதி தீர்ப்பு. பதினொன்றாம் பகுதி அந்தத் தீர்ப்புக்கு ஆதாரமான நச்சியல் தரவு. பலர் இரண்டாவதோடு நிறுத்திவிடுகிறார்கள். பதினொன்றில் எலி எண் மட்டும் இருந்து, மனிதரைப் பற்றி ஒரு வரியும் இல்லாவிட்டால், ‘வகைப்படுத்தப்படவில்லை’ என்பதைப் ‘பாதுகாப்பானது’ என்று வாசிக்காதீர்கள். விற்றவரிடம் எழுத்தில் விளக்கம் கேளுங்கள். பாதுகாப்பு அலுவலரும் தொழிற்சங்கமும் இதைக் கேட்க உரிமையுள்ளவர்கள்.

மெத்தனாலைப் பொறுத்தவரை இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நஞ்சு அமிலமாக மாற நேரம் ஆவதால், உட்சென்றபின் பன்னிரண்டு மணி முதல் ஒரு நாள்வரை மனிதர் நன்றாகவே இருப்பதுபோல் தெரியும்; எத்தனாலும் சேர்ந்திருந்தால் இது இன்னும் தள்ளிப்போகும். அந்த இடைவெளியில் மருத்துவரிடம் போனால் மெத்தனாலை அமிலமாக்கும் நொதியைத் தடுக்கும் மருந்தும் டயாலிசிஸும் உயிரையும் கண்ணையும் காக்க முடியும். ஆகவே மெத்தனால் உள்ளே போயிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே போதும். கண் மங்கும்வரை காத்திருக்காமல், என்ன குடித்தார் என்பதை மறைக்காமல், உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.