குழு போட்ட ஊர் – 17: சின்னாளபட்டிப் பக்கம் வந்த உலகம்

போன வாரம் காந்தி மியூசியத்தில் விட்டோம். தமுக்கம், ராணி மங்கம்மாள் அரண்மனை, 1959 ஏப்ரல் 15, நேரு திறந்துவைத்தது. மறந்தவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள், இங்கே இடம் போதாது.

இந்த வாரம் இஸ்கஸ், அதாவது இந்திய-சோவியத் கலாசார நட்புறவுக் கழகம் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். புத்தகக் கண்காட்சி, சோவியத் படம், ரஷ்ய மொழி வகுப்பு, அதற்கெல்லாம் நாற்காலி எடுத்துப்போட்ட கிளைச் செயலாளர்கள் என்று குறிப்புகளும் தயாராகத்தான் இருந்தன. ஆசிரியரிடமிருந்து இரண்டு போன் வந்துவிட்டது. ஆனால் குறிப்பு சரிபார்க்கப் போன இடத்தில் ஒரு தேதி கண்ணில் பட்டது. அதற்குப் பிறகு வேறெதுவும் ஓடவில்லை. “ஏண்ணே, மாஸ்கோவுக்குப் போறேன்னு சொல்லிட்டு திண்டுக்கல் பஸ்ல ஏறிட்டீங்க?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஆமாம், ஏறிவிட்டேன்.

1960 டிசம்பர் 21 முதல் 27 வரை, காந்திகிராமத்தில், ‘வார் ரெசிஸ்டர்ஸ் இன்டர்நேஷனல்’ அமைப்பின் மாநாடு. போரை எந்த வடிவத்திலும் ஆதரிக்க மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்களின் உலக அமைப்பு அது. முதல் உலகப் போர் முடிந்த கையோடு, 1921இல், நெதர்லாந்தின் பில்தோவன் என்ற சின்ன ஊரில் ஆரம்பித்தார்கள். இரண்டு கைகள் ஒரு துப்பாக்கியை முறிக்கிற படம்தான் சின்னம். ராணுவத்தில் சேர மறுத்துச் சிறைக்குப் போனவர்கள் அதில் நிறைய. மூன்று வருடத்துக்கு ஒருமுறை கூடுகிற வழக்கம். லியோன், கோபன்ஹேகன், பாரிஸ், லண்டன் என்று ஐரோப்பாவுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்த அந்த மாநாடு முதன்முதலாகக் கண்டம் தாண்டியது. டெல்லிக்கு வரவில்லை, பம்பாய்க்கு வரவில்லை. சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் வந்து இறங்கியது.

‘இது மதுரைத் தொடர்தானே, திண்டுக்கல் மாவட்டம் எதற்கு’ என்று கார்டு போடப்போகிற வாசகருக்கு முன்கூட்டியே பதில்: திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985இல்தான். 1960இல் காந்திகிராமம் மதுரை மாவட்டம். பக்கத்தில் சுங்குடிச் சேலைக்குப் பெயர்போன சின்னாளபட்டி, அம்பாத்துரை ரயிலடி, கிழக்கே சிறுமலை. அவ்வளவுதான் அங்கே. அணுகுண்டைப் பற்றி விவாதிக்க லண்டனிலிருந்து ஒருவர் அங்கே வருவதென்றால், யாரோ ஒருவர் கடிதம் எழுதியிருக்க வேண்டும். வருகிறவர் படுக்க இடம் பார்த்திருக்க வேண்டும்.

கடிதம் எழுதத் தெரிந்தவர்கள் அங்கே இருந்தார்கள். காந்திகிராமத்தை 1947இல் தொடங்கிய இருவரில் சௌந்தரம் மதுரை டி.வி.எஸ். வீட்டுப் பெண். பால்ய விதவையாகி, டெல்லி லேடி ஹார்டிங் கல்லூரியில் மருத்துவம் படித்து, 1940இல் காந்தியின் ஆசியோடு மறுமணம் செய்துகொண்டவர். கணவர் ஜி. ராமச்சந்திரன் மலையாளி, சாந்திநிகேதனில் படித்தவர். மதுரையில் பணம் படைத்த குடும்பங்கள் பல உண்டு. தொண்டுக்கென்று கிராமத்தில் போய் உட்கார்ந்தவர்கள் கொஞ்சம். சௌந்தரம் ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்டார், சட்டமன்றத்துக்கும் போனார். ராமச்சந்திரன் காந்தி ஸ்மாரக நிதியின் செயலாளராகவும் இருந்தார். அந்தப் பதவியில் அவர் எழுதிய கடிதம் ஒன்றுதான் மார்ட்டின் லூதர் கிங்கை இந்தியாவுக்கு அழைத்தது. 1959 பிப்ரவரியில் கிங்கும் மனைவி கொரெட்டாவும் வந்தார்கள், காந்திகிராமத்துக்கும் வந்தார்கள். அந்தத் தெற்குப் பயணத்திலேயே திருவனந்தபுரத்தில் தலித் மாணவர்கள் படிக்கும் ஒரு பள்ளிக்குப் போனபோது, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் சக தீண்டத்தகாதவர் என்று தலைமையாசிரியர் அவரை அறிமுகம் செய்தாராம். முதலில் சுருக்கென்றிருந்தது, பிறகு அது உண்மைதானே என்று பட்டது என்று கிங்கே பின்னாளில் ஒரு பிரசங்கத்தில் சொன்னார். அந்த அமைதி மாநாடு இங்கே வந்தது தற்செயல் இல்லை என்று சொல்லத்தான் கிங்கை இழுத்தேன்.

கெய்த்தானையும் சொல்லியாக வேண்டும். ரால்ஃப் ரிச்சர்ட் கெய்த்தான், அமெரிக்கன் மதுரை மிஷனுக்கு வந்த பாதிரியார், கதர் கட்டிக்கொண்டவர். 1930இல் உப்பு யாத்திரைக்கு முன்னால் காந்தி வைஸ்ராய்க்கு எழுதிய கடிதத்தை நேரில் கொண்டுபோய்க் கொடுத்த ஆங்கிலேய இளைஞர் ரெஜினால்ட் ரெனால்ட்ஸ் ஞாபகமிருக்கிறதா? அவருக்கு மதுரையில் இடம் கொடுத்ததற்காக கெய்த்தானை நாட்டைவிட்டுப் போகச் சொன்னார்கள். திரும்பி வந்தார். 1944இல் மறுபடி அனுப்பினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு மறுபடி வந்து இந்தப் பக்கக் கிராமங்களிலேயே வயதானார். விருந்தாளிக்கு ஒரு கட்டில் போட்டுக் கொடுப்பதும் உலக அரசியல்தான் என்று பிரிட்டிஷ் சர்க்கார் புரிந்துவைத்திருந்தது. நம் சங்கங்கள் பலவற்றுக்கு அது இன்னும் புரியவில்லை.

இதை வயிற்றெரிச்சலோடுதான் சொல்கிறேன். மதுரையில் உலக விவகாரத்துக்குப் பஞ்சம் எப்போதும் கிடையாது. காங்கோ முதல் காசா வரை டீக்கடையிலேயே தீர்மானம் போட்டுவிடுவோம். ஒரு கருத்தரங்கு என்று வந்து குழு பிரிக்கும்போதுதான் சங்கதி தெரியும். தீர்மானக் குழுவுக்கு அடிதடி. வரவேற்புக் குழுவில் பெயர் போட்டால் போதும் என்று பத்துப் பேர். நிதிக் குழு என்றதும் ரசீது புத்தகத்தைப் பக்கத்து நாற்காலிக்குத் தள்ளிவிடுவார்கள். உணவு, தங்குமிடம், கழிப்பறை என்றால் அந்த வாரம் எல்லார் வீட்டிலும் கல்யாணம். நான் நிரந்தர உணவுக் குழு. பாலஸ்தீனத் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறிய கரகோஷத்தை, வெளிநாட்டு விருந்தாளிக்குக் காரமில்லாமல் தனியாக எடுத்துவைத்த சாம்பாரோடு சமையல் கொட்டகையில் நின்றுதான் கேட்டிருக்கிறேன்.

இந்த நோய் பழையது. 1901இல் கல்கத்தா காங்கிரஸுக்குப் போன காந்தி அங்கே பார்த்ததை சத்திய சோதனையில் எழுதியிருக்கிறார். ஒரு தொண்டரிடம் ஒரு வேலையைச் சொன்னால் அவர் அடுத்தவரிடம் தள்ளுகிறார், அவர் இன்னொருவரிடம் தள்ளுகிறார். கழிப்பறை நாறுகிறது, அது தோட்டி வேலை என்கிறார்கள். காந்தி துடைப்பத்தைத் தேடி எடுத்து, தான் பயன்படுத்துகிற இடத்தையாவது கழுவிக்கொண்டார். பிறகு காங்கிரஸ் அலுவலகத்தில் ஜானகிநாத் கோஷலிடம் போய் ஏதாவது வேலை கொடுங்கள் என்று கேட்டார். மலையாய்க் குவிந்திருந்த கடிதங்களுக்குப் பதில் எழுதும் குமாஸ்தா வேலை கிடைத்தது. கோஷலின் சட்டைக்குப் பட்டன் போட்டுவிடுகிற வேலையையும் தானாகவே சேர்த்துக்கொண்டார். தென்னாப்பிரிக்காவில் வழக்கறிஞராகப் பெயர் வாங்கியவர்! அவர் வந்ததே தென்னாப்பிரிக்க இந்தியர் பற்றிய தீர்மானத்துக்காக. இரவு பதினோரு மணிக்கு விஷயாலோசனைக் கமிட்டியில் கோகலே ஞாபகப்படுத்தித்தான் அது எடுக்கப்பட்டது. மாநாட்டில் பேச ஐந்து நிமிடம். பேசிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்தது. இன்னும் இரண்டு நிமிடம் இருக்கிறது என்கிற எச்சரிக்கை மணி அது. நேரம் முடிந்தது என்று நினைத்து மனம் நொந்து உட்கார்ந்துவிட்டார். தீர்மானம் நிறைவேறியது. அந்தக் காலத்தில் எல்லாத் தீர்மானமும் நிறைவேறும் என்று அவரே சொல்கிறார்.

காந்திகிராமத்துக்கு இதனால்தான் மவுசு என்று எனக்குத் தோன்றுகிறது. ஆதாரக் கல்வி நடந்த இடம்; கூட்டுவதும் கழுவுவதும் சமைப்பதும் அங்கே பாடத்திட்டத்திலேயே இருந்தன. மாணவர்களுக்கு சாந்தி சேனைப் பயிற்சியும் கொடுத்தார்கள். கலவரம் நடக்கும் இடத்துக்கு ஆயுதமில்லாமல் போய் நிற்பதற்கு வினோபா 1957இல் தொடங்கிய அமைதிப் படை அது. குழு பிரிக்கும்போது ஓடிப்போகாத கூட்டம் ஏற்கெனவே தயாராக இருந்தது என்று அர்த்தம்.

அந்த மாநாடு உலகத்தின் முன்னால் வைத்த யோசனையும் இந்த சாந்தி சேனைதான், கொஞ்சம் பெரிய அளவில். 1960 என்ன வருஷம் என்று நினைத்துப் பாருங்கள். பிப்ரவரியில் பிரான்ஸ் சகாராவில் அணுகுண்டு வெடித்தது. அதைத் தடுக்கப் பாலைவனத்துக்குள் போக முயன்ற குழுவில் மைக்கேல் ஸ்காட் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் இருந்தார். மார்ச்சில் தென்னாப்பிரிக்காவில் ஷார்ப்வில் படுகொலை. ஜூலையில் ஐ.நா. படை காங்கோவுக்குள் போனது, துப்பாக்கியோடுதான். துப்பாக்கி இல்லாமல் ஒரு உலகப் படை இருக்கக் கூடாதா என்று ஸ்பெயினின் சல்வடோர் டி மதரியாகாவும் நம் ஜெயப்பிரகாஷ் நாராயணனும் ஐ.நா.வுக்கு ஒரு திட்டம் எழுதினார்கள். அந்தப் பேச்சு காந்திகிராமத்துக்கு வந்தது. ஐ.நா. செய்யட்டும் என்று காத்திருக்காமல் நாமே தொடங்கலாம் என்ற முடிவுக்கு அங்கே வந்தார்கள். ஓராண்டு கழித்து லெபனானில் புரும்மானா என்ற மலை ஊரில் கூடி, 1962 புத்தாண்டில் உலக அமைதிப் படையை அறிவித்தார்கள். தலைவர்கள் மூவர்: ஜே.பி., ஸ்காட், அமெரிக்காவின் ஏ.ஜே. மஸ்டி.

மூன்று தலைவர், மூன்று கண்டம். படித்ததுமே எனக்கு உதறல் எடுத்தது. மூன்று தலைவர் இருக்கிற எந்த அமைப்பு உருப்பட்டிருக்கிறது? ஆரம்பம் என்னவோ ஜோர்தான். தார் எஸ் சலாமில் ஒரு மையம் போட்டார்கள். வடக்கு ரொடீஷியாவில் கென்னத் கவுண்டாவின் சுதந்திரப் போராட்டத்துக்கு ஆதரவாக எல்லை தாண்டி நடக்கத் திட்டமிட்டார்கள். அரசியல் நிலைமை மாறியதில் நடை தேவைப்படவில்லை. சோவியத் அணு சோதனையை எதிர்த்து லெனின்கிராடுக்கு ஒரு படகு போனது, இறங்க விடவில்லை. 1962 அக்டோபரிலேயே சீனப் போர் வந்தது. போர் வேண்டாம் என்று சொன்ன இந்தியர்களிலேயே பாதிப் பேருக்கு நாக்கு குழறியது. அதை நான் குறை சொல்ல மாட்டேன், சொந்த எல்லையில் குண்டு விழும்போது வருகிற குழறல் அது. 1963 மார்ச் 1 அன்று சங்கரராவ் தேவ் தலைமையில் டெல்லியிலிருந்து பீகிங்குக்கு நடக்கத் தொடங்கினார்கள், வெளிநாட்டுக்காரர்களும் சேர்ந்து. சீனா விசா தரவில்லை. நடை அசாமோடு நின்றது. படையும் அறுபதுகளின் நடுவிலேயே அடங்கிப்போனது. பணமில்லை, முழுநேரமும் உட்கார்ந்து வேலை பார்க்கிற ஆளும் போதவில்லை. மேடைக்கு ஆள் இருந்தார்கள், மேசைக்கு இல்லை.

மேசைக்கு வந்தவர் ஒருவர் உண்டு. இந்த வாரம் என்னைத் தூங்கவிடாமல் செய்தவர் அவர்தான். தேவி பிரசாத். சாந்திநிகேதனில் ஓவியம் படித்து, சேவாகிராமத்தில் பிள்ளைகளுக்குக் கலை சொல்லிக்கொடுத்த ஆசிரியர். மண்பாண்டக் கலைஞர், சக்கரம் சுற்றிப் பானை வனைபவர். காந்திகிராம மாநாட்டுக்கு இரண்டு வருடம் கழித்து, 1962இல், வார் ரெசிஸ்டர்ஸ் இன்டர்நேஷனல் இவரைப் பொதுச்செயலாளராக லண்டனுக்கு அழைத்துக்கொண்டது. பத்து வருடம், 1972 வரை, வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், உலகத்தின் போர் மறுப்பாளர்களுக்கு இவர்தான் செயலாளர். அமெரிக்கப் படையிலிருந்து ஓடிவந்த பையன்களுக்கு உதவுவது, சிறையிலிருப்பவர்களுக்கு எழுதுவது, சந்தா வசூல், சுற்றறிக்கை, அடுத்த மாநாட்டுக்கு இடம். பேரணியில் முன்னால் நடந்தவர்களின் படம் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. இவரைப் பற்றித் தமிழில் யாராவது ஒரு பத்தி எழுதியிருந்தால் எனக்கு அனுப்புங்கள்.

காந்திகிராமத்து யோசனையும் சாகவில்லை. 1981இல் கனடாவில் ஒரு தீவில் கூடி ‘பீஸ் பிரிகேட்ஸ் இன்டர்நேஷனல்’ என்று மறுபடி ஆரம்பித்தார்கள். கூடியவர்களில் காந்தியின் செயலாளர் மகாதேவ தேசாயின் மகன் நாராயண் தேசாயும் ஒருவர், சாந்தி சேனையில் தேய்ந்த கை. இந்த முறை பெரிய நடைப்பயணம், படகு எதுவும் இல்லை. உயிருக்கு ஆபத்து உள்ளவரோடு கூடவே நடப்பது, வீட்டு வாசலில் உட்காருவது, நீதிமன்றத்துக்குத் துணைக்குப் போவது. வெளிநாட்டுச் சாட்சி பக்கத்தில் இருந்தால் சுடுகிறவன் ஒரு நிமிடம் யோசிப்பான் என்ற ஒரே கணக்கு. 1989இல் அவர்கள் இலங்கைக்குப் போனார்கள். காணாமல் போனவர்களுக்காக ஆட்கொணர்வு மனு போட்ட வழக்கறிஞர்களே கொல்லப்பட்டுக்கொண்டிருந்த நேரம். 1998 வரை அங்கே இருந்தார்கள். 2003இல் அதே வழியில் வந்த இன்னொரு அமைப்பு, ‘நான்வயலன்ட் பீஸ்ஃபோர்ஸ்’, தன் முதல் குழுக்களை அனுப்பியதும் இலங்கைக்குத்தான். யாழ்ப்பாணத்திலும் மூதூரிலும் அவர்கள் அலுவலகம் போட்டார்கள்.

போரை அவர்களால் நிறுத்த முடியவில்லை, 2009 நமக்குத் தெரியும். ஆனால் சிறுமலை அடிவாரத்தில் பேசிய ஒரு விஷயம் புரும்மானா, லண்டன், கனடா என்று சுற்றி, ஏறக்குறைய முப்பது வருடம் கழித்து, ராமேஸ்வரத்துக்கு அந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது. அதை ஜே.பி.யும் ஸ்காட்டும் சுமந்து போகவில்லை. சுற்றறிக்கை அனுப்பினவர்கள், மினிட்ஸ் எழுதினவர்கள், வாடகை கட்டினவர்கள் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோனது.

இஸ்கஸ் அடுத்த வாரம், கட்டாயம். ஒரே ஒரு சிக்கல். 1968 ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் செக்கோஸ்லோவாகியாவுக்குள் போனதும், தேவி பிரசாத்தின் அலுவலகம் மாஸ்கோ, வார்சா, புடாபெஸ்ட், சோபியா நகரங்களுக்கு ஆள் அனுப்பி, தெருவில் நின்று கண்டனத் துண்டறிக்கை கொடுக்க வைத்தது. அதே நாட்களில் நம் இஸ்கஸ் கிளைகள் நட்புறவு விழாவுக்கு மேடை போட்டுக்கொண்டிருந்தன. இரண்டையும் ஒரே வாரத்தில் அடக்க முடியுமா என்று தெரியவில்லை. முடியாவிட்டால் முதலில் துண்டறிக்கை. இஸ்கஸ் தோழர்கள் இன்னும் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.