வண்டி கரும்புகை தள்ளுதா? ஈஜிஆரை அடைக்காதீங்க!



நம்ம குழுக்களில் கடன் வாங்கிச் சரக்கு வண்டி ஓட்டும் குடும்பங்கள் உண்டு. சத்தி பூ மார்க்கெட்டுக்கும், 27 கொண்டை ஊசி வளைவுள்ள திம்பம் மலைக்கும் அந்த வண்டிதான் போய் வருகிறது. "இழுவையே இல்லீங்க, கரும்புகையாத் தள்ளுது" என்று பட்டறைக்குப் போனால், "ஈஜிஆரை அடைச்சு உட்டறலாங்க" என்று சிலர் சொல்வார்கள். தலையாட்டும் முன் விஷயத்தைத் தெரிந்துகொள்வோம்.

எரிந்த புகையில் ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்குள் விடுவதுதான் ஈஜிஆர். அதனால் உள்ளே சூடு குறைந்து, நுரையீரலைக் கெடுக்கும் நைட்ரஜன் ஆக்சைடு வாயுவும் குறைகிறது. பழைய டீசல் வண்டிகள் பலவற்றில் இதைத் திறப்பது வேக்குவம், அதாவது பம்ப் உண்டாக்கும் உறிஞ்சல். மெல்லிய ரப்பர் குழாயில் வரும் அந்த உறிஞ்சலைத் தேவைப்படும்போது விட்டு, மற்ற நேரம் நிறுத்துவது சின்ன வேக்குவம் வால்வு. அது சரியாக நிறுத்தாவிட்டால் ஈஜிஆர் மூடாது. கரும்புகை வரும், இழுவை குறையும்.

அடைத்தால் கரும்புகை குறையும், நிஜந்தான். ஆனால் கண்ணுக்குத் தெரியாத அந்த வாயு கூடும். டீசல் வண்டிக்கான புகைச் சோதனை புகையின் அடர்த்தியைத்தான் அளக்கும். இந்த வாயு அதில் தெரியாது. வண்டியின் பின்னால் நிற்கும் நம்ம பிள்ளைகள்தான் அதை மூச்சில் இழுப்பார்கள்.

பட்டறையில் இப்படிக் கேளுங்கள்:

1. முதலில் காற்று வடிகட்டியையும், ரப்பர் குழாயில் வெடிப்பு உள்ளதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். குழாய் மட்டும் கெட்டிருந்தால் குழாயை மாற்றினால் போதும்.
2. ஈஜிஆரில் கரி படிந்து சிக்கியிருந்தால் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.
3. வேக்குவம் வால்வைச் சோதித்த பிறகே மாற்றச் சொல்லுங்கள். எஞ்சின் ஆறிய பிறகு, எந்தக் குழாய் எந்த வாயில் இருந்தது என்று குறித்துவிட்டுக் கழற்ற வேண்டும். மாறிப் போனால் புது வால்வும் வேலை செய்யாது.
4. பழைய வால்வையும் பில்லையும் கேட்டு வாங்குங்கள். வண்டிச் செலவு நோட்டில் எழுதுங்கள்.

முக்கியமான ஒன்று. பல டீசல் வண்டிகளில் பிரேக்குக்கு உதவுவதும் அதே வேக்குவம் பம்ப்தான். பிரேக் மிதி கல்லு மாதிரி இறுகினால் ஒரு நடைகூட ஓட்ட வேண்டாம். பூ வாடினால் ஒரு நாள் நட்டம். மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காவிட்டால் உசுருக்கே ஆபத்துங்க.